நாலு எட்டு தூரம்

மடிப்புக்காரிக்கு ஆட வரும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. பதினோரு வருஷமாக எங்கள் லாண்டரியில் இருந்தாள். அவள் மடித்து அடுக்கிய விரிப்பின் ஓரம் பட்டால் விரல் கிழியும் என்று கேலி பேசுவோம். அதனால் வந்த பெயர். அவள் புருஷன் ரோலர்காரன். நான் அங்கே வேன் ஓட்டுகிறவன். குடியிருப்பும் ஒரே மாடியில்தான், எதிரெதிர் அறை. அவர்கள் வீட்டில் ரசம் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும்.

ஊரிலிருந்த மூன்று ஆஸ்பத்திரிகளின் துணியும் எங்களிடம்தான் வரும். யார் வீட்டில் பிரசவம், எந்த வார்டில் சாவு என்பதெல்லாம் அழுக்கு மூட்டையைப் பிரிக்கும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். எங்களைத்தான் ஊருக்குத் தெரியாது. நாங்கள் பிழைக்க வந்தவர்கள். எங்கள் பேச்சு அவர்களுக்குப் புரியாது. அவர்கள் பேச்சு எங்களுக்கு வயிற்றுப்பாட்டுக்கு வேண்டிய அளவு வரும். வாசல் வாசலாகக் காவல்காரர்களோடு மல்லுக்கட்டியதில் எனக்கு மட்டும் அந்தப் பாஷை சரளமாகிவிட்டது. டாக்டரைப் பார்க்கவோ வீட்டுக்காரரிடம் முறையிடவோ எங்கள் ஆட்கள் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள்.

ரோலர் என்பது ஆள் நீளத்துக்கு மேலான இரும்பு உருளை. உள்ளே ஆவி. ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உதறி, சுருக்கம் நீவி, அதன் வாயில் கொடுக்கவேண்டும். வலது முனையில் அவன், இடது முனையில் அவள். வேலை நேரத்தில் இரண்டு பேரும் பேசி நான் பார்த்ததே இல்லை. அவன் தோளை ஏற்றினால் அவள் உதறுவாள். அவள் முகவாயை அசைத்தால் அவன் ஓரத்தை இழுத்துவிடுவான். நாள் முழுக்க அப்படியே ஓடும். வீட்டுக்கு வந்த பிறகுதான் மிச்சம் வைத்த பேச்சையெல்லாம் பேசித் தீர்ப்பார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, அவன் அவளைச் சிரிக்க வைப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரி அவசரம் என்று இவர்கள் இரண்டு பேர் மட்டும் நின்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சுருக்கத்தை நீவப்போன அவன் வலது கை துணியோடு உள்ளே போய்விட்டது. நாங்கள் ஓடி வந்தபோது ரோலர் நின்றிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். அவள் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் சொன்ன முதல் பேச்சு, "அமுக்கினா டிரைவரே. சுவத்துல இருக்கிற செவப்பு சுவிட்சை இவ ஓடிப்போய் அமுக்கினதை என் கண்ணால பார்த்தேன். அதுக்கப்புறம்தான் மயக்கம் போட்டேன். அமுக்கியும் அந்தச் சனியன் நிக்கல."

அவள் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

சுவிட்சு நன்றாகத்தான் இருக்கிறது, ஆள் கவனக்குறைவு என்று லாண்டரி எழுதிக்கொடுத்தது. நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் அவன் மனு போட்டான். எட்டு மாதமாக அது இழுத்துக்கொண்டு கிடந்தது. அவள் வேலைக்குப் போனாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். இடது கையால் கரண்டி பிடிக்கப் பழகினான். முட்டையை உரிக்க மட்டும் கடைசிவரை வரவில்லை. யார் வந்தாலும், "அமுக்கியும் நிக்கல" என்று ஆரம்பித்துவிடுவான். அதைச் சொல்லும்போது மட்டும் முதுகு நிமிரும். தப்பு மெஷினுடையது. அவன் வேலை தெரியாதவன் அல்ல. மிச்சமிருந்த மானம் அந்த ஒரு பேச்சில்தான் நின்றது.

இந்த நிலைமையில்தான் லாண்டரிக்கு ஆட்டக்குழு ஒன்று வந்தது. நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்த ஒரு அம்மாதான் தலைவி. பத்து நாள் லாண்டரியின் மூலையில் தரையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோடும் பேசவில்லை. பேசாத டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பத்தாம் நாள் என்னைக் கூப்பிட்டு எல்லாரிடமும் சொல்லச் சொன்னார். ஆறு பேர் வேண்டும். மேடையில் உங்கள் வேலையை நீங்களே காட்டவேண்டும். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. இந்த ஊர் உங்கள் பாஷையைத் தெரிந்துகொள்ளப் போவதில்லை. உங்கள் உடம்பைப் பார்த்தால் நீங்கள் யாரென்று புரிந்துகொள்ளும்.

நான் சொல்லி முடித்ததும், அழுக்குப் பிரிக்கிற பெரியம்மா, "என் உடம்பு வாயைத் தொறந்தா இடுப்பு வலியை மட்டும்தாம்பா பேசும். அதைப் பார்க்க டிக்கெட் வேறயா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மாவின் பெயர்தான் முதலில் எழுதப்பட்டது. இரண்டாவது மடிப்புக்காரி.

ஒத்திகை பழைய கிடங்கு ஒன்றில், சாயங்கால வேளைகளில். நான்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவேன். துணி உதறுவது, மூட்டை தூக்குவது, ஆவியில் முகத்தைத் திருப்புவது என்று மற்ற ஐந்து பேரும் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். பிறகு டீச்சர் ஒவ்வொருவர் எதிரிலும் நின்று, நெஞ்சில் கை வைத்து, அதை மெல்ல வெளியே விரித்துக் காட்டினார். உள்ளே இருப்பதில் ஒன்றைக் கொடு என்று அர்த்தம். மடிப்புக்காரி மூன்று நாள் மரம் மாதிரி நின்றாள். நான்காம் நாள் நான் உள்ளே போனபோது, குழுவைச் சேர்ந்த நெட்டையான பையனின் தோளையும் சட்டையையும் பிடித்து அவள் இழுத்துக்கொண்டிருந்தாள். குதிகால் தரையில் வழுக்க, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தாள். அப்புறம் சட்டென்று விட்டுவிட்டு ஓடினாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நனைந்த துணி கனத்து மெஷினில் சிக்கிக்கொள்ளும், அதை உருவுகிற வேலையைத்தான் காட்டுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பதினோரு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவனுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

ஆட்டத்துக்கு முந்தின நாள், வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்.

"அண்ணே, அவரைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"வரட்டும்மா. ஊரே வருது, அவர் வராமயா?"

"வரணும்தான். அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு எட்டு மாசமா தொண்டை வரைக்கும் வருது. வாயில வர மாட்டேங்குது." வெளியே தூறலைப் பார்த்துக்கொண்டு கொஞ்சதூரம் வந்தாள். "இதைப் பார்த்தா அவருக்குப் புரியும்ல? டீச்சருக்கே புரியுதே. என் பேச்சு ஒரு வார்த்தை தெரியாது அவங்களுக்கு."

"புரியும் புரியும்" என்றேன். எதைப் பற்றிச் சொல்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. முன்னால் ஒரு லாரி வழி விடாமல் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் அரங்கம் நிரம்பிவிட்டது. ஊர்க்காரர்கள் நல்ல உடுப்பில் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் எங்கள் மேனேஜர், பெண்சாதியோடு. பத்திரிகையில் லாண்டரியின் பெயர் வந்ததில் மனுஷனுக்கு வாயெல்லாம் பல். நானும் ரோலர்காரனும் ஏழாவது வரிசை. எப்போதும்போல் அவனுக்குச் சட்டைப் பட்டன் போட்டு, காலிக் கையை மடித்து ஊசி குத்தி விட்டிருந்தாள் அவள்.

வெளிச்சம் வந்தது. ஆறு பேரும் மூட்டைகளோடு வந்தார்கள். யாரும் ஒரு சத்தம் போடவில்லை. பெரியம்மா ஒரு மூட்டையைப் பிரித்து, கறைபட்ட ஒரு சின்னத் துணியை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். குழந்தைத் துணி. எங்கோ ஒரு பொம்பளை விம்மினாள். தினமும் கேட்டில் எங்களைத் தாண்டிப்போகிற அதே ஜனம், இன்றைக்குத்தான் எங்களை நிமிர்ந்து பார்க்கிறது. "பாருங்க, எப்படிப் பார்க்கிறாங்க நம்ம ஆளுங்களை" என்றேன் ரோலர்காரனின் காதில். அவனுக்கும் முகம் மலர்ந்திருந்தது.

அப்புறம் இரண்டு பேர் நீளமான வெள்ளைத் துணியைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே வந்தார்கள். அந்தத் துணிக்குள் நெட்டைப் பையனின் வலது கை போனது. மடிப்புக்காரி ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தாள். இழுத்தாள். துணி சுருண்டுகொண்டே இருந்தது. அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. இழுத்துக்கொண்டே தலையைத் திருப்பி இடப்பக்கம் பார்த்தாள். பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள். மறுபடி இடப்பக்கம் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு விரலாக விட்டாள். நாலே நாலு எட்டு ஓடி, காற்றில் உள்ளங்கையை ஓங்கி அறைந்தாள். துணி அந்தக் கணமே நின்றுவிட்டது.

சுற்றிலும் அழுதார்கள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். ரோலர்காரன் அழவில்லை. இடது கையால் காலிச் சட்டைக்கையைக் கசக்கிப் பிடித்திருந்தான்.

முடிந்ததும் ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. ஊர்ப் பெண்கள் மேடைக்கே போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவள் அவர்கள் தோளுக்கு மேலாக ஏழாவது வரிசையைத் தேடிக்கொண்டிருந்தாள். கைதட்ட முடியாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆளைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரமாகவில்லை.

வேனில் மூன்று பேரும் முன்சீட்டில் வந்தோம். அவன் நடுவில். பாதி வழியில் பேசினான்.

"சுவிட்சுக்கு எத்தனை எட்டு?"

"நாலுங்க."

"எவ்வளவு நேரம் இழுத்த?"

"தெரியலைங்க."

"அங்க ஆடினியே, அவ்வளவு நேரமா?"

"அதைவிடக் கம்மி." சிறிது கழித்து, "இல்லைங்க. ஜாஸ்திதான் இருக்கும். தெரியலைங்க."

"அமுக்கினதும் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

வைப்பர் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அறை வாசலுக்கு வந்தபிறகு அவன் சொன்னான்: "எல்லாரும் அழுதாங்க. பார்த்தேன். உனக்காகத்தான் அழுதாங்க."

மறுநாள் காலையில் என் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அவன், சட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மார்பு தெரிய நின்றிருந்தான். "பட்டன் போட்டு விடுங்க டிரைவரே." எதிர்க்கதவு திறந்துதான் இருந்தது. அவள் அடுப்பருகே எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தாள். எதையும் கேட்காமல் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து தினமும் அதுதான் வழக்கமாயிற்று.

விசாரணை மூன்றாம் வாரம் வந்தது. எட்டு மாதம் தூங்கிய மனு எப்படி விழித்தது என்று அங்கே போன பிறகுதான் விளங்கியது. மேனேஜர் தன் போனில் ஆட்டத்தைப் படம் பிடித்து வைத்திருந்தார். அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். டீச்சரையும் வரவழைத்திருந்தார்கள்.

"ஆட்டத்துக்கு இதுதான் அர்த்தம்னு ஒண்ணு கிடையாதுங்க. அவங்கவங்க மனசுக்குப் பட்டதுதான் அர்த்தம்" என்றார் டீச்சர். அவர் குரலை அன்றுதான் இவர்கள் முழுசாகக் கேட்டார்கள்.

அதிகாரி சிரித்தார். "எனக்கு ஒரு அர்த்தம்தாம்மா பட்டுது."

என்னைப் பார்த்து, அந்தப் பெண்ணிடம் கேளுங்கள் என்றார். கை மாட்டியதும் உடனே சுவிட்சை அமுக்கினாளா இல்லையா?

நான் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியையும் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"இவரு கையைப் புடிச்சிருந்தேன். விட்டுட்டு எப்படிங்க போறது?"

அதை அந்த ஊர்ப் பாஷையில் சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். ஆனால் அவள் சொன்னதில் இருந்த எதுவும் நான் சொன்னதில் இல்லை. அதிகாரி தலையாட்டிவிட்டு, 'உடனே அமுக்கவில்லை' என்று எழுதினார். எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாக நான் படித்தேன்.

"ஏன் எட்டு மாசமா சொல்லலை? கேளுங்க."

"யாரும் என்னைக் கேட்கலைங்க. இவரு 'நீ அமுக்கினே, நான் பார்த்தேன்'னு கையைப் புடிச்சுக்கிட்டு சொன்னாரு. இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

அதையும் சொன்னேன். அதற்கு அவர் ஒன்றும் எழுதவில்லை. சுவிட்சை ஏன் ரோலர் பக்கத்தில் வைக்கவில்லை, நாலு எட்டுக்கு அப்பால் ஏன் வைத்தார்கள் என்று நானாகக் கேட்டேன். மொழிபெயர்க்க வந்தவர் மொழிபெயர்த்தால் போதும் என்றார் அதிகாரி. மனு தள்ளுபடியானது.

வெளியே வந்து வேனில் ஏறும்போதுதான் ரோலர்காரன் வாய் திறந்தான். என்னிடம்தான் கேட்டான், அவள் பக்கத்தில் இருக்கும்போதே.

"விட்டிருந்தா கை இருந்திருக்கும்ல டிரைவரே?"

"அதெப்படிச் சொல்ல முடியும்?"

"இருந்திருக்கும். ரெண்டு வெரலாவது."

அவள் பின்னால் ஏறி, காலி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீடு தேடி வந்தார். நல்ல மனுஷி, அழுது அழுது கண் வீங்கியிருந்தது. ரோலர்காரன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பாஷைக்கு நான் இருந்தேன், ஆனால் அவர் என்னைத் தேடவில்லை. அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தார். தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, சால்வைக்குள் மறைத்துக்கொண்டார். இடது கையால் டீ டம்ளரை எடுத்தார். கொஞ்சம் சிந்தியது. அப்படியே அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன் வலியை நான் என் உடம்பில் வாங்கிப் பார்க்கிறேன் என்று சொல்லவந்தார் போல.

அவன் வெகுநேரம் பொறுத்தான்.

"கையை வெளிய எடுக்கச் சொல்லுங்க டிரைவரே."

நான் டீச்சரைப் பார்த்தேன்.

"அந்தம்மாவுக்கு அது இருக்குது. இருக்கிறதாலதான் ஒளிச்சு வெக்க முடியுது. எடுக்கச் சொல்லுங்க."

"அவருக்கு அசதியா இருக்காம், படுக்கணுமாம்" என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் எழுந்து, இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனார். ஒரு தப்பும் தெரியாத முகத்தோடு போனார்.

ஆட்டம் வேறு ஏழு ஊர்களுக்குப் போவதாக இருந்தது. மடிப்புக்காரி வரமாட்டேன் என்றுவிட்டாள். அவள் இடத்துக்குக் குழுவிலேயே ஒரு பெண்ணைத் தயார் செய்தார்கள். கற்றுக்கொடுக்க மட்டும் ஒரே ஒரு நாள் வரச் சொன்னார்கள். போனாள். எத்தனை எண்ணிக்கை வரை இழுக்கவேண்டும் என்று அந்தப் பெண் விரலை நீட்டி நீட்டிக் கேட்டாள். மடிப்புக்காரி பதிலுக்கு அவள் விரல்களையே மடக்கிவிட்டாள். சாயங்காலத்துக்குள் அந்தப் பெண் பிடித்துக்கொண்டாள். இளம் உடம்பு, பழகிய உடம்பு. இவளைவிட நன்றாகவே செய்தது. கிடங்கில் இருந்த எல்லாரும் மறுபடி அழுதார்கள். மடிப்புக்காரி ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "போலாம் அண்ணே, அரிசி ஊறப்போடணும்" என்றாள்.

அடுத்த மாதம் மெக்கானிக் வந்து ரோலரின் இரண்டு முனையிலும் கைக்கெட்டுகிற இடத்தில் ஆளுக்கொரு சிவப்பு சுவிட்சு வைத்துவிட்டுப் போனான். பெரியம்மா மட்டும் அதைப் பார்த்து, வாயில் வந்ததையெல்லாம் எங்கள் பாஷையில் ஒரு மூச்சு திட்டினாள். பக்கத்தில் நின்ற மேனேஜர், வாழ்த்துகிறாள் என்று நினைத்துத் தலையசைத்தார்.

வீட்டில் அவர்கள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உப்பு போதுமா, தண்ணீர் வந்ததா, கதவைச் சாத்து. கதவுக்கு இந்தப் பக்கம் அவ்வளவுதான் கேட்கும். ஆட்டத்துக்கு அப்புறம் ஊர்க்காரர்கள் சிலர் அவளை அடையாளம் கண்டு தெருவில் புன்னகைப்பார்கள். ஒரு பெண் தன் கடையிலிருந்து அவளுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று கொடுத்தாள். அதை அவள் போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

பனி ஆரம்பித்துவிட்ட ஒரு நாள், வெளியூர் ஆஸ்பத்திரிக்குச் சரக்கு போகவேண்டியிருந்தது. விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது. மாடிப்படியில் ரோலர்காரன் உட்கார்ந்திருந்தான். சட்டை திறந்தே கிடந்தது. மார்பில் புல்லரிப்பு பரவி, உதடு வெளிறியிருந்தது.

"காலையிலிருந்து இங்கயா உட்கார்ந்திருக்கீங்க?"

"இப்பதான் வந்தேன்."

பொய். அவன் உட்கார்ந்த படி மட்டும் ஈரமில்லாமல் காய்ந்திருந்தது.

அன்று அவளுக்கு வாராந்தர விடுமுறை. கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில், அவனுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். சோறு வடித்துத் தட்டு போட்டு மூடியிருந்தது. இரண்டு முட்டை உரித்து வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வாசல் வரை வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ரெண்டு தடவை கிட்ட போனேன் அண்ணே. அவர் வேணாம்னு சொல்லலை. சும்மாதான் உட்கார்ந்திருந்தாரு. எனக்குத்தான் கை போகலை."

அவளைப் பார்க்க முடியவில்லை. படியில் மண்டியிட்டுக் கீழிருந்து பட்டன்களைப் போட ஆரம்பித்தேன். ஸ்டியரிங் பிடித்து விறைத்த விரல்கள், துவாரம் அகப்படவில்லை. அவன் முகவாயைத் தூக்கிக்கொண்டு பொறுமையாக இருந்தான். மேல் பட்டனுக்கு வந்ததும், "அது இருக்கட்டும்" என்றான்.

பிறகு கேட்டான். "நாளைக்கும் வெளியூர் வண்டியா?"

"ஆமா. இனிமே தினமும்தான். நாலு மணிக்கே கிளம்பணும்."

அவன் தெருவைப் பார்த்தான். பின்னால் அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"பரவாயில்லை" என்றான். "போறதுக்கு முன்னாடி என்னை எழுப்புங்க."